கடைசிச் சீற்றில் ஏறி இருங்கள்

வாகனம் பார்த்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம். செட்டிகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வான் நிற்கிறது. அதன் திறப்புச் சாவி என் சட்டைப் பையில் கிடக்கிறது. வான் ஏன் அங்கே நிற்கிறது, திறப்பு ஏன் இங்கே கிடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடித்தால் கோபம் ஆறுமா என்றால், ஆறாது.

என்னைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்கமாட்டார்கள். இருந்தால் அது உங்கள் குறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வவுனியாவில் ஒரு கராஜில் கிறீஸ் துடைத்துத் தொழில் பழகினேன். கிளிநொச்சியில் சொந்தக் கராஜ் போட்டேன். சண்டையில் அது போனது. திரும்பி வந்து அதே காணியில், அதைவிடப் பெரிதாகப் போட்டேன். வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட வைத்த ஆட்கள் பலர். என் கையால் ஓடியது புகை குறைவாக ஓடியது. அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். சண்டை முடிந்து, ஓட்டை விழுந்த தகரங்களாகக் கிடந்த வாகனங்களை எழுப்பி ஓடவிட்டவனும் நான்தான். கை நடுங்கத் தொடங்கியபோது கராஜை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். நடுங்குவது கை மட்டும்தான். கண்ணும் காதும் முன்பு இருந்த மாதிரியே இருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் வாகனம் வாங்கப் போகிறவன் தனியே போகமாட்டான். வாகனம் தெரிந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவான். அந்த ஒருவன்தான் நாங்கள். முன்பு இதற்கு ஊருக்கு ஒருவன் இருந்தான். இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் பழைய வாகனத்துக்குப் பொன்னின் மதிப்பு வந்தது. உடைந்தது, எரிந்தது, மூழ்கியது எல்லாம் பூச்சுப் பூசிக்கொண்டு றோட்டுக்கு வந்தன. அவற்றோடு சேர்ந்து நீங்களும் வந்தீர்கள், சந்திக்கு ஒருவராய், கையில் ஸ்கான் மெசினோடு. இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் புதியது எங்கள் சனத்தின் கைக்கு எட்டுகிறதா? பழையதைத்தான் வாங்குகிறார்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மெசினோடு எனக்குச் சண்டை இல்லை. நல்ல சாமான். என் மருமகனும் ஒன்று வைத்திருக்கிறான். என் சண்டை உங்கள் வாயோடு.

எனக்குத் தொழில் பழக்கிய முஸ்லிம் அண்ணரை ஊரே 'நானா' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வாகனத்தைப் பார்க்குமுன் அவர் வாங்குகிறவர்களின் பையைப் பார்ப்பார். "பாக்கத்தான் வந்தனாங்கள்" என்பார்கள். பைக்குள் மாலை இருக்கும், கற்பூரம் இருக்கும், திருஷ்டிக்கு நசிக்கிற தேசிக்காய் இருக்கும். பார்க்க வந்தவனுக்கு மாலை எதற்கு? நாலு சக்கரச் சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, வாகனத்தை ஏற்றி நசித்துவிட்டால் அது அவர்களுடைய வாகனம். அதன்பிறகு குறை சொல்கிறவன் அவர்கள் பெற்ற பிள்ளையைக் குறை சொன்னவன் ஆகிவிடுவான். இது நானாவுக்குத் தெரியும்.

"தங்கச்சி, உந்தத் தேசிக்காயளை இஞ்சை தாங்கோ," என்று வாங்கிச் சாரத்து மடியில் முடிந்துகொள்வார். "வாகனம் நல்லதெண்டால் நானே சில்லுக்கு வைப்பன்."

பார்த்து முடித்து, வாகனம் நல்லது என்றால் மடியை அவிழ்ப்பார். நல்லதில்லை என்றால் வாயால் சொல்லமாட்டார். விற்கிறவன் வீட்டிலேயே ஒரு கத்தியும் சீனியும் ஒரு சட்டி தண்ணீரும் கேட்பார். "வெயில் கொளுத்துது. எல்லாரும் தேசிக்காய்த் தண்ணி குடிச்சிட்டுப் போவம்." விற்கிறவனுக்கும் ஒரு கிளாஸ் கொடுப்பார். ஒருமுறை ஒரு கிழவர் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "நானா, இனிப்புக் காணாது. ஆனால் விளங்கீட்டுது," என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் சத்தம் போடுகிறவன். ஆனால் தேசிக்காயை வாங்கி வைக்கும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. உங்களில் யாராவது வாங்கி வைக்கிறீர்களா? நீங்களே மாலையைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

புது வாகனம் என்றால் எங்களுக்கு வேலை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தர்மபுரத்தில் கந்தோர் உத்தியோகம் பார்க்கும் ஒரு தம்பி, புத்தம் புதிய கார் எடுக்கப் போவதாக வந்தார். பதிந்த கார், வயிறு நிலத்தோடு. நான் காரைப் பார்க்கவில்லை. அவருடைய வீட்டு ஒழுங்கையைப் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் கட்டோடு போகும் பாதை, இடையிடையே முதுகு நிமிர்ந்த மதகுகள்.

"வேண்டாம் தம்பி," என்றேன்.

"ஐயா, புதுசில என்ன பழுது? கொம்பனி உத்தரவாதம் தருது."

"உம்மட மதகுக்கு ஆர் உத்தரவாதம் தாறது?"

அவர் சிரித்தார். எடுத்தார். இப்போது அந்தக் கார் பெரிய றோட்டில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் துணி போர்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். பின்னேரங்களில் வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போவாராம், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வருகிறவர் மாதிரி. வாகனத்தில் குறை இல்லை. அது ஓடப்போகிற றோட்டையும், அதில் ஏறப்போகிற ஆட்களையும் பார்க்காமல் வாகனத்தை மட்டும் பார்க்கிறவன் பாதி வேலைதான் செய்கிறான்.

இனி அந்த வானுக்கு வருகிறேன்.

தர்மபுரத்தில் தையல் கடை வைத்திருந்தவள் செல்வமலர். புருசன் கொழும்பில் கட்டட வேலை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்கிய வான்காரர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஆண் பிள்ளைகளே பயந்து பிடிக்கிற ஸ்ரேறிங்கை இவள் துணிந்து பழகி லைசென்ஸும் எடுத்து வைத்திருந்ததால், தாய்மார் எல்லோரும் இவளைத்தான் கேட்டார்கள். தையலில் சேர்த்ததையும் சுவிஸில் இருக்கும் தமையன் அனுப்பியதையும் வைத்துக்கொண்டு வான் தேடினாள். கனகராயன்குளத்தில் ஒன்று அகப்பட்டது. அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரு தம்பி மெசின் போட்டுப் பாத்திட்டார் ஐயா. சரியாம். ஆனால் நீங்களும் ஒருக்காப் பாத்தால்தான் தனக்கு நிம்மதி எண்டு சுவிஸ் அண்ணா சொன்னவர்."

"நான் இப்ப வாகனம் பாக்கப் போறேல்லைப் பிள்ளை."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது ஐயா. அண்டைக்கு வான் வாசலில நிக்கவேணும். நிக்காட்டில் பரந்தன் பக்கத்து ஆள் ஒருத்தர் வாறதுக்கு ஆயத்தமா நிக்கிறார். பேந்து அந்தப் பிள்ளையள் எனக்கில்லை."

அவள் கெஞ்சவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள். போனேன்.

ஏ-9 றோட்டில் இருந்து உள்ளே, ஒரு வீட்டு முற்றத்தில் வான் நின்றது. வெள்ளை. கழுவித் துடைத்து, கண் கூசியது. ஓர் ஆசிரியை ஓட்டிய வான் என்றான் விற்கிறவன். எங்கள் நாட்டில் விற்கப்படுகிற எல்லா வாகனங்களையும் ஆசிரியைகள்தான் ஓட்டியிருக்கிறார்கள். செல்வமலரின் மாமி பூசைத் தட்டத்தோடு நின்றார். சுவிஸ் தமையன் செல்வமலரின் கைப்போனுக்குள் நின்றார், கம்பளிச் சட்டையோடு. முதல் நாள் மெசின் போட்டுப் பார்த்த தம்பியும் நின்றான். உங்களில் ஒருவன். பெயர் சொல்லமாட்டேன்.

"அம்மா, தேசிக்காயை இஞ்சை தாங்கோ," என்று மாமியிடம் கையை நீட்டினேன்.

"அது அப்பவே சில்லுக்கு வைச்சாச்சு."

"எடுங்கோ."

"சீ! வைச்சதை எடுக்கிறதோ? நல்ல நேரம் முடியப் போகுது. கெதியாப் பாருங்கோ."

பார்க்குமுன்னே வாங்கிவிட்டார்கள். இப்படியான இடத்தில்தான் உங்கள் முதுகெலும்பு தெரியவேண்டும். நல்ல நேரம் ஒரு பக்கம், தட்டம் ஒரு பக்கம், சுவிஸ் ஒரு பக்கம். நடுவில் நீ.

நான் எப்படிப் பார்த்தேன் என்று முழுவதும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சிலதை மட்டும் சொல்கிறேன். போனற்றில் கை வைத்தேன், சூடாக இருந்தது. நாங்கள் வர முன்னமே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறான். ஆறிக் கிடந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். சூடாக்கி வைத்திருந்தால் திரும்பிப் போய் இன்னொரு நாள் காலமை வாருங்கள். உள்ளே பழைய சீற்றுகளுக்குக் கீழே புதுக் கார்ப்பெற். பழைய வாகனத்தில் புதுக் கார்ப்பெற்றைக் கண்டால் எனக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. மூக்கைத் துளைக்கிற வாசனைப் போத்தல் வேறு. சீற் பெல்ற் ஒன்றை அடி வரைக்கும் இழுத்தேன். எல்லோரும் ஒரு முழம் இழுத்துவிட்டு விடுவார்கள். கழுவுகிறவனும் அந்த ஒரு முழத்தைத்தான் கழுவுவான். கடைசிச் சாணில் காய்ந்த களிமண் இருந்தது. வெள்ளத்தில் மூழ்கி எழும்பிய வாகனம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கீழே படுத்தேன். இந்த வயதில், மண்ணில் முதுகு வைத்துப் படுத்தேன். உங்களில் எத்தனை பேர் சட்டை ஊத்தையாகும் என்று குந்தியிருந்து எட்டிப் பார்க்கிறீர்கள்? அடிமுழுக்கக் கறுப்புப் பூச்சு. திருகாணிச் சாவியால் சுரண்டினேன். பின்சில்லுக்குச் சற்று முன்னால், இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும், குறுக்கே ஓர் ஒட்டு. முன்பாதி ஒரு வான். பின்பாதி வேறொரு வான். எங்கேயோ இரண்டு வான்கள் செத்து, இரண்டையும் வெட்டி ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும் ஒழுங்காக இல்லை. வந்த ஆத்திரத்தில் அந்த அடிச்சட்டத்திலேயே திருகாணிச் சாவியை அழுத்தி பெருக்கல் குறி மாதிரி ஒரு பெரிய புள்ளடி கீறினேன். இனி யாரும் இதை வாங்கக் கூடாது என்று.

எழும்பி வந்து அந்தத் தம்பியை வானுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"நீ கீழ படுத்துப் பாத்தனியோ?"

"பாத்தனான் ஐயா."

"ஒட்டைக் கண்டனியோ?"

செருப்பால் மண்ணைக் கிளறினான். "கண்டனான்."

"சொன்னனியோ?"

"எப்பிடி ஐயா சொல்றது? அக்கா சிரிச்சுக்கொண்டு நிண்டவா. அந்த அம்மா எனக்கு வடை தந்தவா. மாலை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து நிக்கேக்கை வேண்டாமெண்டு சொன்னால் அவையின்ரை முகம் என்னாகும்? மெல்லமா ஓடினால் ஓடும்தானே."

"வடைக்கோ உன்ரை வாயை மூடினாய்?"

"காசுக்கு மூடேல்லை ஐயா. சத்தியமா."

அவன் காசு வாங்கவில்லை. நான் அதை நம்பினேன். நம்பியதால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறவன் கள்ளன்; கள்ளனை ஊர் ஒருநாள் அடையாளம் காணும். முகம் வாடும் என்று உண்மையை விழுங்குகிறவனை எல்லோரும் நல்ல பிள்ளை என்கிறார்கள். அடுத்த வாகனத்துக்கும் அவனையே கூப்பிடுகிறார்கள்.

நான் முற்றத்துக்கு வந்து என் வழக்கப்படி சத்தம் போட்டேன். இரண்டு வானை வெட்டி ஒட்டியது, வெள்ளத்தில் கிடந்தது, வேண்டாம் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

"ஐயாவுக்கு வயசு போட்டுது," என்றான் விற்கிறவன். "கண் தெரியேல்லைப் போல."

"நல்ல காரியத்தில உப்பிடிக் கத்தாதேங்கோ," என்றார் மாமி.

"ஐயா, பழைய வாகனமெண்டால் ஒண்டு ரெண்டு இருக்கும்தானே," என்றார் போனுக்குள் இருந்த தமையன்.

"தம்பி, நீர் சுவிஸில இருந்துகொண்டோ உந்த வானில ஏறப்போறீர்?"

 செல்வமலரைச் சாரதிச் சீற்றில் ஏற்றி இருத்தியிருந்தார்கள். இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறவரை அங்கே இருத்துவது விற்கிறவனுடைய வேலை. ஸ்ரேறிங்கைப் பிடித்த உடனே மனம் தர்மபுரத்துக்குப் போய்விடும். வாசலில் பிள்ளைகள் நிற்பது தெரியும். பக்கத்தில் நின்று கத்துகிறவன் சத்தம் கேட்காது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் சொல்வதில் பயனில்லை என்று. சத்தம் போட்டு ஒருவரை அந்தச் சீற்றில் இருந்து இறக்க முடியாது.

கதவடிக்குப் போனேன். குரலைத் தணித்தேன். என் வாழ்க்கையில் நான் குரலைத் தணித்த இடங்கள் குறைவு.

"பிள்ளை, இறங்கு. பின்னால போய்க் கடைசிச் சீற்றில இரு. நான் ஓடுறன்."

"ஏன் ஐயா?"

"நீ ஓடப்போற ஆள்தானே. ஏறப்போற ஆள் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பார்."

இறங்கிப் பின்னால் ஏறினாள். நான் வானை எடுத்தேன். சில்லுக்குக் கீழே தேசிக்காய்கள் நசிந்தன. ஐயா சம்மதித்துவிட்டார் என்று மாமி கற்பூரத்தைக் கொளுத்தினார். போனுக்குள் தமையன் கை தட்டியது எனக்குக் கேட்டது. விற்கிறவன் சிரித்தான்.

குளத்துப் பக்கம் போகும் சரளைக் கிறவல் பாதையில், ஆள் நடக்கும் வேகத்தில் போனேன். பாதையில் குழிந்திருந்த முதல் கிடங்கில் பின்னால் நறுக்கென்று ஒரு சத்தம்.

"அதென்ன ஐயா சத்தம்?"

"உன்ரை காலுக்குக் கீழதான். கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்."

கண்ணாடியில் அவள் குனிவது தெரிந்தது. பிறகு அவளுடைய உச்சி மட்டும் தெரிந்தது. அடுத்த கிடங்கு வந்தது. மீண்டும் நறுக்.

"ஐயா… றோட்டுத் தெரியுது."

"என்ன செய்யுது?"

"ஓடுது ஐயா."

"கிடங்கு வரேக்கை?"

"வாய் திறக்குது. மூடுது."

வானை நிறுத்தினேன். "உந்தச் சீற்றில ஆர் இருக்கப் போயினம்?"

அவள் கார்ப்பெற்றை மெல்ல மூடினாள்.

"சின்னாக்கள்தான் ஐயா. பெரிசுகள் இடிச்சுக்கொண்டு முன்னுக்கு ஏறிப்போடுங்கள். சின்னனுகள்தான் எப்பவும் கடைசி."

திரும்பி வந்தோம். அவள் இறங்கி, மாமியின் தட்டத்தில் இருந்த மாலையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எனக்கு வேண்டாம்," என்றாள். போனுக்குள் இருந்து தமையன் ஏதோ கேட்கத் தொடங்கினார். "அண்ணா, நீங்கள் போனை வையுங்கோ," என்றாள். அவ்வளவுதான். என் சத்தத்துக்கு அசையாத முற்றம் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போனது.

இதில் என்னைப் புகழ்ந்து பேச ஆளில்லை என்பதையும் சொல்லவேண்டும். திங்கட்கிழமை பரந்தன் பக்கத்து ஆளுடைய வான் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நாள் செல்வமலர் என் வீட்டு வாசலில் நின்று, "நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் என்ரை பிள்ளையள் போட்டுதுகள் ஐயா," என்றாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.   வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு மாலை கிடைக்காது தம்பிமாரே, வடையும் கிடைக்காது. இந்தத் தொழிலில் அதுதான் சம்பளத்தின் மறுபாதி. அதை வாங்கத் தெரியாதவன் தேங்காய் வியாபாரம் செய்யட்டும். (அவளிடம் இப்போது ஒரு சின்ன வான் இருக்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றுகிறாள். பார்த்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.)

புள்ளடி கீறிவிட்டேன், இனி அந்த ஒட்டு வானை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அண்மையில் இளைய மகளைப் பார்க்கச் செட்டிகுளத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் கடைக்கு நடந்து போனபோது பள்ளிக்கூடம் விட்டது. ஒரு நீல நிற வான் பள்ளி வாசலுக்கு வந்து, கரையில் இருந்த கிடங்கில் இறங்கி ஏறியது. நறுக். நான் நின்றுவிட்டேன். நிறத்தை மாற்றலாம், அந்தச் சத்தத்தை மாற்ற முடியாது. வேட்டியோடு றோட்டில் படுத்துக் கீழே பார்த்தேன். சனம் எனக்கு மயக்கம் என்று ஓடி வந்தது. புதுப் பூச்சுக்குக் கீழே, தடவியபோது விரலில் தட்டியது என் புள்ளடி.

எழும்பி வானுக்கு முன்னால் நின்றேன். அதற்குள் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். சாரதி இளம் ஆள், மரியாதையானவர்.

"என்ன ஐயா, ஆரைத் தேடுறியள்?"

"பிள்ளையளை இறக்கும்."

"என்ன?"

நான் போய்ப் பக்கக் கதவைத் திறந்தேன். கடைசிச் சீற்றில் இருந்த ஒரு சின்னப் பெண் பிள்ளை, பின்னால் கட்டிய இரட்டைப் பின்னலோடு, என்னைப் பார்த்துக் கை காட்டினாள். "தாத்தா, இஞ்சை பாருங்கோ!" கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. கார்ப்பெற்றின் ஓரத்தைக் காலால் விலக்கி, ஒன்றை உள்ளே போட்டாள். அது றோட்டில் விழுந்து உருண்டது. "ஓடேக்கை போட்டால் தூரத்துக்குப் போகும். நாங்கள் போட்டி வைக்கிறனாங்கள்."

பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். வாசலில் நின்ற தாய்மார் சிலர் என்னை ஏசினார்கள். சாரதிக்கும் ஆத்திரம் வந்துவிட்டது.

"நான் என்ன கண்ணை மூடிக்கொண்டே வாங்கினனான்? ஆள் பிடிச்சு, மெசின் போட்டு, பாத்துத்தான் எடுத்தனான்! கேளுங்கோ!" என்று கைப்போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தார். பார்த்தவன் அனுப்பிய குரல். "அண்ணை, வாகனம் பிரச்சினை இல்லை. தாராளமா எடுக்கலாம். வாழ்த்துக்கள்." பின்னால் கோயில் மணி கேட்டது. பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். "கண்டனான்" என்று வானுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொன்ன குரல். ஒருமுறை கண்டவன். அதே வானுக்குக் கீழே இரண்டாம் முறையும் படுத்திருக்கிறான், அதே ஒட்டைக் கண்டிருக்கிறான், என் புள்ளடியையும் கண்டிருக்கிறான். வாழ்த்துச் சொல்லியிருக்கிறான்.

நான் சாரதியோடு தர்க்கம் செய்யவில்லை. "தம்பி, ஒருக்காக் கடைசிச் சீற்றில ஏறி இரும். நான் ஓடுறன்," என்றேன். "வாறன், உங்கட விளையாட்டையும் பாப்பம்," என்று ஏறினார். சந்தி வரைக்கும் ஓடித் திரும்பினேன். போகும்போது அவர் பேசிக்கொண்டு வந்தார். வரும்போது குனிந்து கார்ப்பெற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இறங்கி, திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பாத்துச் சொன்னவர் வந்து கேட்டால் குடுங்கோ ஐயா. மற்றும்படி ஒருத்தருக்கும் குடாதேங்கோ."

நான் தலையை ஆட்டினேன். அவர் போய், இரட்டைப் பின்னல் பிள்ளையின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டார். அவளுடைய கையைப் பிடித்தார். அந்தக் கைக்குள் இன்னும் புளியங்கொட்டை இருந்தது.

"என்ரை மகள் ஐயா," என்றார். இரண்டு பேரும் வெயிலில் நடந்து போனார்கள்.

அவருடைய பிழைப்பு இப்போது வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. செல்வமலருக்கு ஒரு திங்கட்கிழமை போனது. இவருக்கு எல்லாத் திங்கட்கிழமையும் போய்க்கொண்டிருக்கிறது. முகம் வாடும் என்று பயந்தாயே, வா, வந்து இந்த முகத்தைப் பார்.

நீ யார் என்று உனக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்கள் தங்களை இல்லை என்று நிம்மதி கொள்ளவேண்டாம். உங்களில் பாதிப் பேர் இன்னும் பிடிபடாத அவன்தான். உனக்குக் கண் இருக்கிறது தம்பி. கீழே படுக்கிற குணமும் இருக்கிறது. குருடன் என்றால் நான் மன்னித்திருப்பேன்.

மகள் வீட்டில்தான் நிற்கிறேன். நீ வந்து திறப்பை வாங்கும் வரைக்கும் கிளிநொச்சிக்குத் திரும்பப் போவதில்லை. வரும்போது மெசினைக் கொண்டுவராதே. ஸ்ரேறிங் பக்கம் போகாதே, ஓடுவது நான். பள்ளி வாசலில் இருந்து அந்தக் கிடங்கு வரைக்கும்தான் ஓடுவேன். நீ கடைசிச் சீற்றில் ஏறி இரு. கார்ப்பெற்றை உன் கையாலேயே தூக்கு.

அதன்பிறகு அந்தப் பிள்ளையின் தகப்பனிடம் போ. "எடுக்கலாம்" என்று சொன்ன அதே வாயால், "கண்டனான்" என்று அவருக்குச் சொல்.